போட்டியாளர் ஒருவர்

தண்ணீருக்கும் மனிதனுக்கும் ஆதிகாலம் தொட்டு நடந்துவரும் பெரும்போரில் வெற்றி மனிதன் பக்கம் சாய்ந்தது அந்த ஆண்டில்தான் என்றும், சாய்த்தது தம்முடைய கல்லூரியின் நீச்சல், டைவிங் அணிதான் என்றும் ஆண்டு விழா மேடையில் முதல்வர் அறிவித்தார். கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. போரின் விவரங்களுக்குள் அவர் போகவில்லை. போயிருந்தால் இவ்வளவுதான்: நீச்சலில் அணி பெரும்பாலும் மூன்றாவதாக வந்தது, சில நாள் நான்காவதாக. டைவிங்கில் மட்டும் ஒவ்வொரு முறையும் முதலாவதாக வந்தது. டைவிங்குக்கு வேறு எந்தக் கல்லூரியும் ஆள் அனுப்பவில்லை.

அனுப்பாததற்குக் காரணம் பயம் அல்ல, பலகை. போட்டிகள் நடக்கும் பொது நீச்சல் குளத்தில் துள்ளுபலகை உண்டு. கல்லூரிகளின் சொந்தக் குளங்களில் கிடையாது. இந்தக் கல்லூரியில் மட்டும் இருந்தது. குளம் கட்டிய காண்ட்ராக்டர், வேறெங்கோ வேலை முடித்து மிஞ்சிய பலகையைத் திருப்பி எடுத்துப்போக வண்டி கிடைக்காமல், இங்கேயே பொருத்திவிட்டுப் போயிருந்தார். நெடுங்காலம் அதில் துண்டுகள்தான் காய்ந்தன. பிறகு ஒரு நாள் நீச்சல் கோச், நடுவர் ஒருவரோடு டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு விதியைத் தெரிந்துகொண்டார். ஒரே ஒருவர் கலந்துகொண்டாலும், ஐந்து பாய்ச்சலையும் முடித்துவிட்டால் முதலிடத்துக்கான புள்ளிகள் முழுதும் அவருடைய கல்லூரிக்கே சேரும். ஐந்தில் ஒன்று பூஜ்யமாகிவிட்டால் எதுவும் கிடையாது. கோச் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். மறுநாள் பலகையில் துண்டு காயப்போடத் தடை வந்தது.

அடுத்து ஆள் வேண்டும். நன்றாக நீந்துகிறவர்களை வீணாக்க முடியாது. எல்லோருக்கும் பின்னால் நீந்திவந்து, அடுத்த தேர்வில் கழித்துவிடப்பட இருந்த முதலாண்டுப் பெண் ஒருத்தியைக் கோச் கூப்பிட்டார்.

"நீந்தத்தான் வரல. விழவாவது வருமா?"

"எங்கேர்ந்து சார்?"

அவர் காட்டினார். அவள் ஏறிப்போய் விழுந்தாள். நேராக, நெட்டுக்குத்தாக, எந்த அலங்காரமும் இல்லாமல் விழுந்தாள். அன்றைக்கே அணி அவளுக்குக் கல்லு என்று பெயர் வைத்தது. அவளும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

கல்லுவின் அப்பா சலூன் வைத்திருந்தார். இரண்டு நாற்காலி; அதில் ஒன்று சுழலாது. கடையின் பின்பாதி திரைச்சீலைக்கு அந்தப் பக்கம், அவர் மனைவியின் தையல் மெஷினுக்கு. பேண்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பெருத்துவிட்ட கணவர்களின் கோட்டைப் பிரித்துவிடுவது என்று அந்த அம்மாளுக்கு வேலை ஓயாது. மாடியில் வீடு. முடி வெட்ட வந்தவர் தும்மினால் அடுப்பங்கரைக்குக் கேட்கும். அடுப்பில் தீய்ந்தால் கடைக்கு வாசனை வரும்.

பேசாமல் முடி வெட்டுவது என்பது சலூன்காரருக்குக் கத்தரி இல்லாமல் முடி வெட்டுவது மாதிரி. மகள் முதல் பதக்கத்தைக் கொண்டுவந்த நாளிலிருந்து அவருக்கு வேறு பேச்சும் இல்லாமல் போயிற்று. பதக்கத்தைக் கண்ணாடியின் மூலையில் மாட்டினார். அதன் பக்கத்தில் இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்தபோது, முகம் பார்க்க வந்தவர் பதக்கங்களுக்கு இடையில் தன் முகத்தைத் தேட வேண்டியதாயிற்று. வருகிறவர்களுக்கெல்லாம் அவள் குதிப்பதைச் செய்து காட்டுவார்: பவுடர் டப்பாதான் பலகை. சவர நுரைக் கிண்ணம்தான் குளம். சீப்பு டப்பாவின் விளிம்பில் நின்று, ஒரு துள்ளுத் துள்ளி, காற்றில் வளைந்து, நுரைக்குள் போகும்.

"தண்ணிக்கே தெரியாது சார் அவ உள்ள வந்தது," என்பார்.

அவர் மகள் குதித்து ஒரு முறையும் பார்த்ததில்லை. போட்டிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தன. சலூனை ஞாயிற்றுக்கிழமை மூடுகிறவன் தொழிலையே மூட வேண்டியதுதான் என்பது அவர் கட்சி. எல்லாரையும் தோற்கடித்துவிட்டாள் என்று மட்டும் சொல்வார். யாரை என்று ஒருவரும் கேட்டதில்லை. கழுத்தில் கத்தி இருக்கும்போது குறுக்குக் கேள்வி கேட்க யாருக்கும் துணிவு வருவதில்லை.

வந்தது ஆனா சாருக்கு. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் மறுக்க மாட்டார். முழுக்க ஒத்துக்கொண்டபின் 'ஆனா' என்பார். அதனால் அந்தப் பெயர். அன்று சலூன்காரர் அவருக்கு ஒரு கன்னத்தை வழித்து முடித்து, மறு கன்னத்துக்குப் போகிற வழியில் சீப்பை ஒரு முறை நுரைக்குள் பாயவிட்டுக் காட்டினார்.

"பொண்ணு தங்கந்தான், இல்லேங்கல," என்றார் ஆனா சார். "ஆனா, எத்தன பேரத் தோக்கடிச்சான்னு கேட்டீங்களா?"

"எல்லாரையும்தான்."

"எல்லாரும்னா? எங்க அக்கா பேரன் அந்தக் காலேஜ்லதான் நீந்துறான். டைவிங்ல மொத்தமே ஒரு ஆளுதான்னு சொல்றான். ஆனா, தங்கம் தங்கந்தான். நான் அதைக் கொற சொல்லல."

சலூன்காரர் மறு கன்னத்தையும் வழித்தார். இரண்டு இடத்தில் கீறிவிட்டது. படிகாரக் கல் தேவைப்பட்டது. அந்தக் கடையில் அது தேவைப்பட்டு வெகுகாலம் ஆகியிருந்ததால், எங்கே வைத்தோம் என்று இழுப்பறைகளையெல்லாம் திறந்து தேட வேண்டியிருந்தது. அதுவரை ஆனா சார் கன்னத்தைத் துண்டால் அழுத்திக்கொண்டு கூரையைப் பார்த்திருந்தார்.

சாயங்காலம் ரொட்டியும் முட்டையும் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன. அவர் மகளைப் பார்க்காமல் உப்பு டப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"எத்தன பேரும்மா?"

எதைப் பற்றி என்று அவள் கேட்கவில்லை. "ஒருத்தி."

"நீயா?"

"நாந்தான்."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும் நாந்தாம்ப்பா. மொதப் பரிசுன்னு சொன்னேன். மொதப் பரிசுதான் குடுத்தாங்க. எத்தன பேருன்னு நீங்க கேக்கல."

"கேக்கலேன்னா சொல்லக் கூடாதா?"

"மொத நாளே சொல்லணும்னுதான் வந்தேன். வந்து பாத்தா நீங்க சீப்ப நுரைல முக்கிட்டிருந்தீங்க. கடை நெறைய ஆளு. அவங்க முன்னாடி என்னத்தச் சொல்றது?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக மாற்றிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனாள்.

மறுநாள் காலையில் கண்ணாடி முழுதாகத் தெரிந்தது. பதக்கங்கள் பழைய பிளேடுகள் கிடக்கும் இழுப்பறைக்குப் போயிருந்தன. கடையில் கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது. வந்தவர்களுக்கு அது பிடிபடவில்லை. வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லையா என்று ஒருவர் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் குனிந்து விசாரித்தார். இன்னொருவர், பேச்சுக்குத் தப்பிக்கக் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கமுள்ளவர், அன்று பேச்சில்லாததால் நிஜமாகவே தூங்கி, நாற்காலியிலிருந்து சரிந்தார். இப்படி ஒரு வாரம் போயிற்று. வாரக் கடைசியில் சலூன்காரர் தீர்ப்புச் சொன்னார். அணியை விட்டு வந்துவிட வேண்டும். ஆளே இல்லாத ஊரில் அழகிப் பட்டம் வாங்கின மாதிரி இருக்கிறதாம். ரோட்டில் போகிற நாய்கூடத் தம்மைப் பார்த்துச் சிரிப்பது மாதிரி இருக்கிறதாம்.

"விட மாட்டேன்," என்றாள் மகள். சத்தம் போடவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

அம்மாவிடம்தான் மிச்சத்தைச் சொன்னாள். மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வெட்டி விழுந்த துணித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். இதுவரை குதித்த ஐந்தும் கோச் தேர்ந்தெடுத்த ஐந்து, இருப்பதிலேயே சுலபமானவை. 'விழு, போதும்' என்பதுதான் அவர் பயிற்சி. இறுதிப் போட்டியில் அவள் ஐந்தாவதை மாற்றப்போகிறாள். தண்ணீருக்கு முதுகைக் காட்டி, குதிகால் பலகைக்கு வெளியே தொங்க நின்று, பின்பக்கமாக ஒரு குட்டிக்கரணம் அடித்து, கால் முதலாகத் தண்ணீரில் இறங்க வேண்டும். ஆரம்பத்தில் ஒரு முறை விளையாட்டாக முயன்றபோது குதிகால் பலகையில் உரசித் தோல் உரிந்தது. அதிலிருந்து, அப்படி நின்றாலே கால் மரமாகிவிடுகிறது.

"அப்புறம் எதுக்குடி?"

"பக்கத்துல ஆளு இல்லேன்னா என்னம்மா, பலகை இருக்குல்ல. அத ஏமாத்த முடியாது."

அம்மா மெஷினை இரண்டு தையல் ஓடவிட்டாள். பிறகு நூலைப் பல்லால் கடித்துவிட்டு, குட்டிக்கரணம் தப்பினால் எங்கே அடிபடும் என்று கேட்டாள். முதுகில் என்றாள் மகள். தட்டையாக விழுந்தால் தண்ணீர் அறையும். அம்மா அலமாரியைத் திறந்து, ஒருவர் தைக்கக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராமலே போன குளிர்காலக் கோட்டை எடுத்தாள். அதன் கையை வெட்டி, முதுகுப் பக்கம் தோள்பட்டைப் பஞ்சுகளை வரிசையாக வைத்து இறுக்கித் தைத்தாள். நீச்சல் உடைக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு மகள் குளத்தங்கரையில் நின்றபோது ஆமை மாதிரி இருந்தாள். அணி கல்லு என்பதைக் கொஞ்ச நாள் ஆமை என்று மாற்றிப் பார்த்தது. நிலைக்கவில்லை.

ஆமை உடுப்பு முதுகைக் காத்தது, காலைக் காக்கவில்லை. அவள் ஏறுவாள், திரும்புவாள், குதிகாலை வெளியே தள்ளுவாள், கையை உயர்த்துவாள். பலகை ஒரு முறை ஆடும். அவள் கையை இறக்கிவிடுவாள். கோச் கீழேயிருந்து விளக்குவார்: குதிக்கக் கிளம்பிவிட்டுப் பாதியில் நின்றால் முதல் தடவை மதிப்பெண் குறையும், இரண்டாவது தடவை பூஜ்யம். அந்தக் குட்டிக்கரணத்தை அவர் அடித்ததில்லை, அடித்தவர்களைப் பார்த்திருந்தார். கையை மேலே வீசு, தலையைப் பின்னால் தள்ளாதே, முட்டியை நெஞ்சுக்கு இழு என்று தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுத்துவிட்டு, பழைய ஐந்தே போதுமே கல்லு என்று கெஞ்சினார். அவள் தலையாட்டிவிட்டு மறுபடியும் ஏணியில் ஏறினாள்.

ஒரு வழியாகக் காலைக் கிளப்பிய அன்று முதுகால் விழுந்தாள். நீந்திக்கொண்டிருந்தவர்கள் அந்தச் சத்தத்துக்கு நின்றுவிட்டார்கள். கரையேறி, ஆமை உடுப்பிலிருந்து தண்ணீரைப் பிழிந்துவிட்டு மறுபடியும் போனாள். மறுபடியும் முதுகு. வீட்டில் நாற்காலியில் சாய்ந்து உட்கார முடியாமல் பரீட்சைக்குப் படிப்பவள் மாதிரி நிமிர்ந்தே உட்கார்ந்தாள். மகளுக்குத் திடீரென்று ஒழுக்கம் வந்துவிட்டது என்று அப்பா நினைத்துக்கொண்டார். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் கால் முதலில் இறங்கியது. அடுத்ததில் மறுபடியும் முதுகு. பத்தில் நாலு சரியாக வந்தது. மீதி ஆறைப் பற்றிய செய்தி முதல்வர் அறைக்குப் போயிற்று.

முதல்வர் முடி வெட்டிக்கொள்ள வந்தார். வெட்ட அவரிடம் அதிகம் இருக்கவில்லை. இருந்தாலும் சுழலும் நாற்காலியில் உட்கார்த்தி, சலூன்காரர் துணியைப் போர்த்திக் கழுத்தில் முடிச்சுப் போட்டார். துணி போர்த்தியபின் முதல்வரும் ஒன்று, முதலாண்டு மாணவனும் ஒன்று. தலை மட்டும் பூசணிக்காய் மாதிரி வெளியே நிற்கும். அந்த நிலையிலும் முதல்வர் தம் குரலை விட்டுக்கொடுக்கவில்லை.

"உங்க மகள் நம்ம கல்லூரியின் பொக்கிஷம்."

"தலைய ஆட்டாதீங்க சார்."

"இறுதிப் போட்டியில விஷப்பரீட்சை பண்ணப் போறாளாம். பின்பக்கமா ஏதோ குட்டிக்கரணம். தேவையே இல்ல. சும்மா விழுந்தாலே கோப்பை நமக்கு. தப்பிப்போனா பூஜ்யம். அவ்வளவும் போச்சு. நீங்க தகப்பனார், ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

கத்தரி நின்றது. சலூன்காரருக்கு இது புதுச் செய்தி.

"சும்மா விழுந்தாலே போதுமா சார்?"

"தாராளமா. கூட யாருமே இல்லையே," என்றார் முதல்வர், ஆறுதலாக.

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் மெஷினும் நின்றது. சலூன்காரர் முதல்வரின் காதுக்குப் பின்னால் இருந்த நாலைந்து முடியைச் சீப்பால் தூக்கிப் பிடித்தார்.

"கூட யாரும் இல்லாதப்ப அது எதுக்குன்னு அவகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். 'அதனாலதான் சார்'னு சொல்றா. இது ஒரு பதிலா?"

"குனிங்க சார்."

முதல்வர் குனிந்தார். சலூன்காரர் கத்தரியை வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தார்.

"அவ அடிக்கட்டும்."

முதல்வர் நிமிரப் பார்த்தார்.

"குனிஞ்சே இருங்க. கத்தி காதுகிட்ட இருக்கு."

முதல்வர் எழுந்து போனபின் சலூன்காரர் திரைச்சீலையை விலக்கி, உனக்கும் தெரியுமா என்று மனைவியைக் கேட்டார். அந்தக் கோட்டை எதற்கு வெட்டினேன் என்று நினைத்தீர்கள் என்றாள் அவள். சாயங்காலம் அவர் மாடிக்குப் போய் மகளிடம் ஒரே ஒரு சொல் சொன்னார்: "காட்டு." அவள் படிக்கட்டின் விளிம்பில் குதிகாலைத் தொங்கவிட்டு நின்று, கையை உயர்த்திக் காட்டினாள். அவர் அவசரமாகக் கீழ்ப்படிக்குப் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். குதிக்கப்போவதில்லை, சும்மா காட்டுகிறேன் என்று அவள் சொன்ன பிறகும் கையை மடக்கவில்லை.

இறுதிப் போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமை சலூன் மூடியிருந்தது. வந்து பார்த்துத் திரும்பிய வாடிக்கையாளர்கள் ஏதோ பெரிய விபத்து என்று முடிவுகட்டினார்கள். சலூன்காரரும் மனைவியும் அவித்த முட்டையும் ரொட்டியும் ஒரு பையில் போட்டுக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் பொதுக் குளத்துக்குப் போனார்கள். மழை வரும்போலப் புழுக்கமாக இருந்தது. வரிசை வரிசையாகச் சிமெண்ட் படிகள். குளோரின் நெடி. எல்லாக் கல்லூரிப் பிள்ளைகளும் அவரவர் கொடியின் கீழ் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். நீச்சல் முடிந்தபோது அணி வழக்கம்போல மூன்றாவது இடத்தில் இருந்தது. டைவிங் புள்ளி கிடைத்தால் கோப்பை. இல்லையென்றால் ஒரு கைகுலுக்கல். டைவிங் ஆரம்பிக்கிறது என்று ஒலிபெருக்கி சொன்னதும் பாதிக் கூட்டம் தின்பதற்கு எழுந்து போயிற்று.

"முதலாவது போட்டியாளர்," என்று அழைத்தது ஒலிபெருக்கி. கல்லு ஏறிக் குதித்தாள். "முதல் சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்று. முதலாவது போட்டியாளர்." அவள் அப்போதுதான் தண்ணீரைவிட்டு வெளியே வந்திருந்தாள். ஈரம் சொட்ட ஓடிப்போய் ஏணியில் ஏறினாள். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. மற்ற ஆட்கள் இருந்தால் அவர்கள் குதிக்கும் நேரத்தில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். தனியாக நிற்பவளுக்கு அந்த வசதி கிடையாது. மூன்றாவதையும் நாலாவதையும் முடித்துக் கரையேறியபோது அவள் நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது படிக்கட்டின் மேல்வரிசைக்கும் தெரிந்தது.

ஐந்தாவதற்குப் பலகையின் நுனிக்கு நடந்துபோய்த் திரும்பி நின்றாள். ஆமை உடுப்பு இல்லாமல் ஒல்லியாக இருந்தாள். குதிகாலை வெளியே தள்ளினாள். கையை உயர்த்தினாள். பலகை ஆடியது. நின்றுவிட்டாள்.

நடுவர் கையைத் தூக்கினார். மதிப்பெண் குறைப்பு. இன்னொரு தடவை நின்றால் பூஜ்யம். கோச் விசிலைக் கடித்துக்கொண்டிருந்தார். அவர் மூச்சுக்கு அது கீச்சென்று ஒரு சின்னச் சத்தம் போட்டது. முதல்வர் தம் பக்கத்தில் இருந்தவரிடம் இதெல்லாம் தம்மைக் கேட்காமல் நடப்பதாகச் சொல்ல ஆரம்பித்தார். அம்மா பக்கத்தில் இருந்த முட்டைப் பையை எடுத்து மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பலகையின் மேல் அவள் மகள் ஒரு கால் மாற்றி ஒரு காலை உதறினாள். முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தாள். மறுபடியும் குதிகாலை வெளியே தள்ளினாள். யாரையும் பார்க்கவில்லை, எதிரில் இருந்த சுவரைப் பார்த்தாள். சுவரில் ஒன்றும் இல்லை.

கை மேலே போனது. பலகை இறங்கி எழும்பியது. அவள் அதோடு எழும்பினாள். முட்டி நெஞ்சுக்கு வந்தது, உடம்பு ஒரு பந்தாகிப் பின்பக்கம் சுழன்றது, குதிகால் பலகையை ஒரு சாண் தள்ளிக் கடந்தது, கால்கள் நீண்டன. கொஞ்சம் சாய்வாகத்தான் இறங்கினாள். கெண்டைக்கால் தண்ணீரில் பட்டுச் சத்தம் வந்தது. ஆனாலும் கால் முதலில் போனது, தலை கடைசியில் போனது. டீ குடித்துக்கொண்டிருந்த நடுவர் ஒருவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மதிப்பெண் அட்டையைத் தேடினார். குறைத்தது போக நாலு, மூன்றரை, நாலு. பத்துக்கு. நல்ல மதிப்பெண் என்று சொல்ல முடியாது. பூஜ்யம் என்றும் சொல்ல முடியாது. எப்போதும் கல்லு என்று கூப்பிடும் நீச்சல்காரிகள் எல்லோரும் உடுப்போடு தண்ணீரில் குதித்தார்கள். கோப்பை கிடைத்தது. முதல்வர் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்.

மகள் துண்டைச் சுற்றிக்கொண்டு அம்மாவிடம் வந்தாள்.

"சத்தம் கேட்டுச்சாம்மா?"

"கொஞ்சமா."

"கால் சாஞ்சிருச்சு."

"பாத்தேன். முட்டைய உரி."

பஸ்ஸில் திரும்பி வரும்போது மகள் முன் இருக்கையில் தூங்கிப்போனாள். பின் இருக்கையில் கணவனும் மனைவியும் வழிநெடுக மெல்லிய குரலில் பேசிக்கொண்டு வந்தார்கள். பெரும்பாலும் மனைவிதான் பேசினாள்.

மறுநாள் கடையில் பேச்சு திரும்பிவிட்டது. கண்ணாடியின் மூலையில் ஒரே ஒரு பதக்கம் தொங்கியது. மற்ற மூன்றும் பிளேடு இழுப்பறையிலேயே கிடந்தன. பவுடர் டப்பாவின் விளிம்பில் சீப்பு இப்போது முதுகைக் காட்டி நின்றது. ஒரு முறை தயங்கியது. பிறகு எழும்பிப் பின்பக்கமாகச் சுழன்று, பல் முதலாக நுரைக்குள் இறங்கியது. தயங்குகிற இடத்தில் சலூன்காரர் நாற்காலியில் இருப்பவரைக் காக்கவைப்பார். கன்னத்தில் நுரை காய்ந்துபோகிற வரைக்கும் காக்கவைப்பார்.

ஆனா சார் வந்து உட்கார்ந்தார். அவர் வாய் திறப்பதற்குள் சலூன்காரரே தொடங்கினார்.

"மொத்தமே ஒரு ஆளுதான் சார். எம் பொண்ணு மட்டுந்தான். ஆனா..."

அந்த 'ஆனா'வைத் தம்மிடமிருந்து இன்னொருவர் பிடுங்கிக்கொண்டதும் ஆனா சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கதை முழுவதையும் கேட்டார். பலகை ஆடியது, நடுவர் கை தூக்கியது, விசில் கீச்சிட்டது, குதிகாலுக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது, கெண்டைக்கால் பட்ட சத்தம், டம்ளரைக் கீழே வைத்த நடுவர், எல்லாம் வந்தன. ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை. கால் சாய்ந்துவிட்டது என்பதையும் மறைக்கவில்லை.

"அப்போ நேர்லயே போயிருந்தீங்க," என்றார் ஆனா சார்.

"கடைய மூடிட்டுப் போனேன் சார். அங்கதான் இருந்தேன்."

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் மெஷின் ஒரு நொடி நின்று, மறுபடியும் ஓடியது.

அவர் சொன்னதில் பொய் இல்லை. நாலாவது பாய்ச்சல் முடியும்வரை அவர் சிமெண்ட் படியில் உட்கார்ந்திருந்தார். ஐந்தாவதன்போது ஆண்கள் கழிப்பறையில் இருந்தார்.